மேயத் தெரிந்த கோழி

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ்,
12 ஏப்ரல் 1931

சாந்தமேரிக்கு ரபேல் எழுதுவது.

இந்தக் கடிதத்தோடு ரயில் கார்டு வேலாயுதம் உன்னிடம் ஒரு பிரம்புக் கூடையும் கொடுப்பார். உள்ளே ஒரு சேவலும் மூன்று விடைக்கோழிகளும் இருக்கின்றன. லெகார்ன் ஜாதி. பத்து தீகா ஸ்டேஷனில் வண்டி நிற்கும்போது தண்ணீர் காட்டச் சொல்லியிருக்கிறேன். காட்டினாரா என்று கேள்.

உன் அப்பா விட்டுப்போன நிலத்தில் நீ கோழி வளர்க்கப் போகிறாய் என்று வேலாயுதம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கட்டின புருஷனுக்கு ஒரு வரி எழுத உனக்கு மனம் வரவில்லை. இருக்கட்டும். வளர்ப்பதென்று ஆகிவிட்ட பிறகு பாசாரில் அகப்பட்டதை வாங்கி வளர்க்கக் கூடாது. எங்கள் கூட்ஸ் ஷெட் துரையிடம் கோழி வளர்ப்பைப் பற்றி இங்கிலீஷ் புத்தகம் ஒன்று இருக்கிறது. இரவல் வாங்கிப் படித்தேன். முட்டை விஷயத்தில் லெகார்னை மிஞ்ச வேறு ஜாதி கிடையாது என்று அடித்துச் சொல்கிறான். நிறமும் நல்ல வெள்ளை, பார்க்க லட்சணமாக இருக்கும்.

மாமாவின் முப்பதாம் நாள் பூசைக்கென்று போனவள் நீ. பூசையும் முடிந்தது, மழைக்காலமும் முடிந்தது. நிலத்தை விற்றுவிட்டு வா என்று சொன்னது ஒரு குற்றமா? அதை விற்கும்வரை அந்த மண்ணில் கால் வைக்க மாட்டேன் என்றேன், உண்மைதான். விற்கிற பேச்சை விடும்வரை குவார்ட்டர்ஸ் வாசற்படி மிதிக்க மாட்டேன் என்று நீயும்தான் சொன்னாய். ஒன்றரை மணி நேர ரயில் பயணம். நம்மைப் பார்த்து ஊரே சிரிக்கிறது.

இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டு லூசியம்மா காலையில் இடியப்பம் கொடுத்தனுப்புகிறார். உன் நீலச் சேலை இன்னும் கொடியில்தான் கிடக்கிறது. மடித்து வைக்கவில்லை.

ரபேல்


காப்பார் ரோடு, கிள்ளான்,
3 மே 1931

பிரிக்பீல்ட்ஸில் உட்கார்ந்து புத்தகம் பார்த்துக் கோழி வாங்கும் பெரியவருக்கு,

கூடை வந்து சேர்ந்தது. வேலாயுதம் அண்ணன் தண்ணீர் காட்டியிருக்கிறார், பாவம், அவரைச் சந்தேகப்படாதீர்கள்.

உங்கள் வெள்ளைக்காரிகளைத் திறந்துவிட்டதும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து வீட்டு வீரம்மா ஓடி வந்தாள். "இது என்னாக்கா, கோழியா, கொக்கா லா?" என்று கேட்டாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. குறை சொல்லக் கூடாது, நன்றாக மேய்கின்றன. மாலையில் பிடித்து இரைப்பையைத் தொட்டுப் பார்த்தால் கல் மாதிரி புடைத்திருக்கிறது. முட்டையும் இடுகின்றன. ஆனால் நம் நிலம் பச்சைப் பசேல் என்று கிடக்கிறது. அந்தப் பச்சையில் இந்த வெள்ளை எத்தனை மைலுக்குத் தெரியும்? பருந்துக்கு நீங்களே தந்தி அடித்தது போல ஆயிற்று. வந்த வாரத்திலேயே ஒன்றைத் தூக்கிவிட்டது. சேவல் செத்தையில் போய் ஒளிந்துகொண்டது.

இன்னொன்று கேளுங்கள். அடைக்கு உட்கார மாட்டேன் என்கின்றன. முட்டையை இட்டுவிட்டு யாருடையதோ என்பது போல் எழுந்து போய்விடுகின்றன. குஞ்சு பொரிக்காத கோழியை வைத்துக்கொண்டு நான் ஒவ்வொரு தடவையும் உங்கள் துரையிடமா வந்து நிற்பேன்?

எனக்கு வேண்டியது இதுதான். காலையில் கூட்டைத் திறந்துவிட்டால் தானே போய்க் கிளறிப் பூச்சியும் புழுவும் தின்ன வேண்டும். தலைக்கு மேல் நிழல் ஆடினால் தெரிய வேண்டும். பொழுது சாய்ந்தால் வீடு திரும்பத் தெரிய வேண்டும். கடைசியாகச் சொன்னது கோழிக்கு மட்டும் சொன்னதல்ல.

நீலச் சேலையை மடித்து வையுங்கள். வெயிலில் சாயம் போகும்.

சாந்தமேரி


பிரிக்பீல்ட்ஸ்,
7 ஜூன் 1931

சாந்தமேரி,

நீ எழுதியதைப் படித்துவிட்டு மூன்று நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். பருந்துக்குத் தந்தி அடித்தேனாம்! நாலு பேரிடம் விசாரித்து, கூடை பின்னச் சொல்லி, வேலாயுதத்தின் கையைக் காலைப் பிடித்து அனுப்பியவனுக்கு இந்தப் பேச்சு வேண்டியதுதான்.

போகட்டும். வெள்ளை ஆகாது என்றாய், அடை உட்கார வேண்டும் என்றாய். புத்தகத்தை மறுபடி புரட்டினேன். ரோட் ஐலண்ட் ரெட் என்று ஒரு ஜாதி. செங்கல் நிறம். நல்ல உடம்பு, சாந்தமான குணம். தோட்டத்துத் துரை ஒருவர் ரப்பர் விலை விழுந்ததால் ஊருக்குக் கப்பல் ஏறுகிறார். அவர் பங்களாச் சாமானை ஏலம் போட்டபோது கோழிகளையும் போட்டார்கள். எல்லாரும் மேஜை நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் கோழிக்கூண்டுப் பக்கம் நின்று ஒரு சேவலையும் மூன்று கோழிகளையும் எடுத்து அனுப்புகிறேன்.

இங்கே ஆள்குறைப்புப் பேச்சு பலமாக இருக்கிறது. எங்கள் பியூன் கன்னையாவைக் குடும்பத்தோடு நாகப்பட்டினம் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். யார் பெயர் எப்போது வரும் என்று தெரியவில்லை. இந்தச் சமயத்தில் லீவு கேட்கவும் பயமாக இருக்கிறது. ஒருவரோடு ஒருவர் பேசாமல் வேலை செய்கிறோம். வீட்டுக்கு வந்தால் அங்கேயும் பேச ஆளில்லை. ஞாயிறு பூசையில் நீ உட்காரும் பெஞ்சைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி இருக்கிறேன்.

எப்போது வருவாய் என்று இந்தக் கடிதத்தில் கேட்கக் கூடாது என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். கேட்டுவிட்டேன்.

ரபேல்


கிள்ளான்,
28 ஜூன் 1931

அவர்களுக்கு,

சிவப்புக் கோழிகள் நலம். மிகவும் நலம். காலையில் திறந்துவிட்டால் நேரே சமையற்கட்டு வாசலுக்கு வந்து வரிசையாக உட்கார்ந்துகொள்கின்றன. நான் எழுந்து போனால் பின்னாலேயே வருகின்றன. உட்கார்ந்தால் உட்கார்கின்றன. தீனி வரும், வரும் என்று அப்படி ஒரு நம்பிக்கை. "பங்களாவுல வளர்ந்ததுங்க, பட்லர் கொண்டாந்து வைக்கணுமாக்கும்," என்று வீரம்மா சொல்கிறாள். காலைக் காப்பி வரும்வரை ஈசிசேரை விட்டு அசையாத ஒருவரை எனக்குத் தெரியும். அவர் ஞாபகம் வந்து, திட்ட வாய் வராமல் சோற்றைப் போட்டுவிடுகிறேன்.

உடம்பு கனம் என்பதால் எட்டிப் பறந்து உயரத்தில் அடைய முடியவில்லை. கூட்டுக் கதவு சரியாகச் சாத்தாத அன்று மூசாங் வந்து ஒன்றைக் கடித்து இழுத்துப் போய்விட்டது. அந்த நாற்றம் பிடித்த மரநாயைக் கொல்லாமல் விடமாட்டேன்.

உங்களை மட்டும் சொல்லிப் பிரயோசனமில்லை. நான் மலாய்க்காரர் கிராமத்தில், கம்பத்தில், வாங்கிய நாட்டுக் கோழிகளின் கதையையும் கேளுங்கள். மேய்ச்சலில் புலிதான். ஆனால் கூட்டில் அடையாமல் ரம்புத்தான் மரத்தில் ஏறிக்கொள்கின்றன. முட்டையை லாலாங் புல்லுக்குள் எங்கேயோ இடுகின்றன. நான் தேடிப் போவதற்குள் உடும்பு குடித்துவிடுகிறது. உங்கள் ஜாதியும் ஆகவில்லை, என் ஜாதியும் ஆகவில்லை. நடுவில் ஒன்று கிடையாதா?

எப்போது வருவாய் என்று கேட்டீர்கள். நான் இங்கிருந்து நகர்ந்தால் ஆளில்லாத நிலம் என்று லேண்ட் ஆபீஸ்காரர்கள் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். காடாகக் கிடந்ததை அப்பா தன் கையால் வெட்டித் திருத்தினார். அதை விட்டுவிட்டு எப்படி வருவேன்? ஆனால் சாயங்காலத்தில் எல்லாம் வந்து அடைந்த பிறகும் கதவைச் சாத்த மனம் வருவதில்லை. ரயில் ஊதுகிற சத்தம் இங்கே வரைக்கும் கேட்கிறது.

சாந்தமேரி


பிரிக்பீல்ட்ஸ்,
9 ஆகஸ்டு 1931

சாந்தமேரி,

புத்தகத்தைத் துரையிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஞாயிறு பூசை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கோழி பார்க்கப் போகிறேன். செந்தூல் பக்கம் போனேன், பத்துமலை அடிவாரத்தில் இருக்கிற வீடுகளில் பார்த்தேன். "ரயில்வே கிராணிக்குக் கோழிப் பைத்தியம் பிடிச்சிருக்கு," என்று பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். கணக்கு எழுதுகிற குமாஸ்தா கோழி பார்க்கக் கூடாதா?

எனக்கும் கொஞ்சம் பிடிபட்டிருக்கிறது. கையில் தூக்கிப் பார்ப்பதற்கு முன் எட்ட நின்று வேடிக்கை பார்க்க வேண்டும். தீனி போடும்போது ஓடி வருவது மேய்கிற கோழி இல்லை. அந்நேரம் வேலியோரத்தில் எதையோ கிளறிக்கொண்டு, பிறகு வருவோம் என்று நிற்கிறதே, அதுதான். கால் கொஞ்சம் உயரமாக இருக்க வேண்டும், இறகு உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும், சருகுக்குள் நின்றால் சருகு நிறமாக இருக்க வேண்டும். கொத்துகிற இடைவெளியில் ஒரு கண்ணைச் சாய்த்து வானத்தைப் பார்க்கிறதா என்பதையும் பார்க்கிறேன்.

செலாயாங்கில் ஒரு சீனர் காய்கறித் தோட்டம் போட்டிருக்கிறார். அவரிடம் அப்படி ஒரு புள்ளிக் கோழி. பெரிதும் இல்லை, சிறிதும் இல்லை. குஞ்சுகளை முள்ளங்கிப் பாத்திக்குள் ஒளித்துவிட்டு ஒரு நாயை விரட்டிக்கொண்டு போனதை என் கண்ணால் பார்த்தேன். இருட்டும்போது யாரும் அழைக்காமல் தானே கூட்டுக்குள் போயிற்று. அவர் விற்க மாட்டேன் என்றுவிட்டார். வாரா வாரம் போய் நின்றேன். நின்று நின்று அவர் வீட்டில் டீ குடிக்கிற அளவுக்குப் பழக்கமாகிவிட்டது. குஞ்சுகள் தாயை விட்டுப் பிரிந்த பிறகு, போன ஞாயிறு, அவரே கோழியைப் பிடித்து என் கையில் கொடுத்தார். யாருக்கு என்று சைகையில் கேட்டார். எனக்குத் தெரிந்த மலாயில் பெண்சாதிக்கு என்றேன். சிரித்தார்.

இதையும் வேலாயுதம் கொண்டுவருவார். பத்திரம். சிவப்புச் சேவலோடு இதைச் சேர்த்து விடு, நீ கேட்ட நடுவில் உள்ளது கிடைக்கும். உனக்கென்று இந்த ஊரிலேயே நல்லதாக ஒன்று தேடினேன் சாந்தா. அதை மட்டும் தெரிந்துகொள்.

ரபேல்


கிள்ளான்,
20 செப்டம்பர் 1931

அத்தான்,

இப்படி எழுதி எத்தனை மாதமாயிற்று! எழுதும்போது கை கூசுகிறது.

புள்ளிக்காரி வந்த அன்று வீரம்மா அவளை உரலைச் சுற்றி மூன்று தடவை கொண்டுபோகச் சொன்னாள். புதுக்கோழி வீட்டைவிட்டுப் போகாதாம். "மாதா கோயிலுக்குப் போறவ நான், இதெல்லாம் செய்யக் கூடாது," என்றேன். "சாமியார் என்ன உரலுக்குள்ளயா ஒளிஞ்சிருக்காரு?" என்றாள். சுற்றிவிட்டுக் கூடையால் கவிழ்த்து வைத்தேன். நீங்கள் சாமியாரிடம் சொல்லிவிடாதீர்கள்.

இப்படி ஒரு கோழியை நான் பார்த்ததே இல்லை. விடிந்ததும் போகிறாள். தென்னை மட்டை குவித்த இடம், சாணிக்குழி, வாய்க்கால் கரை என்று அவளுக்கு ஒரு பாதை இருக்கிறது. அசட்டுச் சிவப்பிகள் இரண்டு அவள் பின்னாலேயே போய்க் கிளறப் பழகிவிட்டன. பருந்து வட்டமிட்ட அன்று இவள் போட்ட சத்தத்தில் கம்பத்துக் கோழிகள்கூட மரத்தடிக்கு ஓடின. முட்டையைக் கூட்டிலேயே இடுகிறாள். அவள் இங்கே இட்ட முதல் முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். எத்தனை ஞாயிறு வெயிலில் அலைந்தீர்களோ.

நிலம் விற்கவில்லை, விற்கவும் மாட்டேன். ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். சொன்ன சொல் போய்விடும் என்று பார்க்காதீர்கள். நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். உங்களைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

சாந்தமேரி


பிரிக்பீல்ட்ஸ்,
13 அக்டோபர் 1931

சாந்தமேரிக்கு,

ஞாயிறன்று சொல்லிக்கொள்ளாமல் முந்தின ரயிலிலேயே கிளம்பி வந்தது தப்புதான். அதற்கான காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சாப்பிட்டுவிட்டுக் கை கழுவக் கொல்லைப்பக்கம் போனேன். வாழையடியில் புள்ளி இறகுகள் கிடந்தன. இலையில் இருந்தது எது என்று அப்போதுதான் தெரிந்தது. கோழி போனதற்காக நான் குழந்தை மாதிரி அழவில்லை. வீட்டுக்காரனுக்கு யாரும் கோழி அடிப்பதில்லை, சாந்தமேரி. மாப்பிள்ளைக்கு அடிப்பார்கள், சம்பந்திக்கு அடிப்பார்கள், வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறவனுக்கு அடிப்பார்கள். நீ தலைவாழை இலை போட்டாய். பக்கத்தில் உட்காராமல் நின்றுகொண்டே பரிமாறினாய். "எத்தன மணிக்கு ரயிலு?" என்று கேட்டாய். குழம்பில் உப்பு இல்லை. நம் வீடாக இருந்தால் சத்தம் போட்டிருப்பேன். அங்கேயோ, நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டேன்.

அன்று உன்னிடம் ஒன்று சொல்லத்தான் வந்தேன். கிள்ளான் கூட்ஸ் ஷெட்டில் ஒரு கிராணி வேலை காலியாகிறது. இங்கே இருப்பதைவிட ஒரு படி கீழே, சம்பளமும் குறைவு. நானாகக் கேட்டால் கிடைக்கும், விட்ட படி திரும்ப வராது. கேட்டுவிட்டேன், நிலத்தை விற்க வேண்டாம், உன்னோடு வந்து இருக்கிறேன் என்று சொல்ல நினைத்து வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். மாத முடிவுக்குள் நான் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

இப்போது எனக்குத் தெரியவில்லை. ஞாயிறு தோறும் விருந்தாளியாக வந்து போவதற்கு நான் பிரிக்பீல்ட்ஸிலேயே இருக்கலாம். உனக்கு என்ன நினைப்பு என்று ஒளிக்காமல் எழுது.

ரபேல்


கிள்ளான்,
15 அக்டோபர் 1931

அத்தான்,

நீங்கள் ஒரு பைத்தியக்கார மனுஷர். இதை எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத முடியும்.

நீங்கள் போன பிறகு குழம்பை வாயில் வைத்தேன். உப்பே போடவில்லை. அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உப்பில்லாத கறியை "நல்லா இருக்கு" என்று தின்றுவிட்டுப் போனாரே, அந்நியர் வீட்டில் தின்பது போலத் தின்றிருக்கிறாரே என்று வயிறு எரிந்தது. நீங்கள் மட்டும் விருந்தாளியாக வரவில்லையா? தேய்த்த கோட்டைப் போட்டுக்கொண்டு, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்தீர்கள். "குடிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?" என்று என்னிடம் கேட்டீர்கள். கடைக்காரியிடமா கேட்கிறீர்கள்? பானை எதிரிலேயே இருந்தது. நீங்களே மொண்டு குடிப்பீர்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். உட்காரச் சொல்ல ஆளில்லாமல் நின்றேன். இப்போதே போய்விடுவீர்களோ என்ற பயத்தில்தான் ரயில் நேரம் கேட்டேன்.

புள்ளிக்காரியை ஏன் அடித்தேன் என்கிறீர்கள். அப்பா இருந்தால் மருமகனுக்கு இருக்கிறதில் நல்லதைத்தான் அடிப்பார். அவர் இல்லை, நான்தான் இருக்கிறேன். சிவப்பியைப் பிடித்தேன், மனம் ஒப்பவில்லை. முட்டையிடாத கிழட்டுக் கோழி ஒன்றைப் பிடித்து, இதையா கொடுப்பது என்று விட்டுவிட்டேன். இந்த நிலத்தில் இருப்பதிலேயே உயர்ந்தது அவள்தான். எனக்காக அவளை அப்படித் தேடிக் கொடுத்தவரைத் தவிர வேறு யாருக்கு அவளை அடிப்பேன்? அழுதுகொண்டுதான் இறகு பிடுங்கினேன். உப்பு ஞாபகம் எங்கேயிருந்து வரும்? அது முட்டாள்தனம்தான், வீரம்மா அன்றே திட்டினாள். அவளைப் போல ஒன்று இனி கிடைக்காது.

ஒளிக்காமல் எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். எனக்கு இந்த நிலம் வேண்டும். நீங்களும் வேண்டும். இரண்டில் ஒன்று என்று இதுவரை நினைத்து நினைத்து மெலிந்துபோனேன். வேலை சின்னதானால் என்ன, நீங்கள் இங்கே இருந்தால் போதும். கையெழுத்துப் போடுங்கள்.

சாந்தமேரி


பிரிக்பீல்ட்ஸ்,
22 அக்டோபர் 1931

சாந்தா,

போட்டுவிட்டேன். நவம்பர் முதல் வாரத்தில் அங்கே வேலையில் சேர வேண்டும். கிள்ளான் ஸ்டேஷனை ஒட்டிக் குவார்ட்டர்ஸ் தருவதாகச் சொல்கிறார்கள். வேண்டாம், வீடு இருக்கிறது என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். கொடுக்கலாம்தானே?

கோழி பற்றிக் கவலைப்படாதே. கிள்ளான் பக்கமும் கம்பங்கள் இருக்கின்றன, ஞாயிற்றுக்கிழமையும் இருக்கிறது. இனி பார்க்கப் போனால் நீயும் கூட வா. எனக்குக் காலும் இறகும் தெரியும், உனக்கு இரைப்பை பார்க்கத் தெரியும்.

கட்டிலும் அலமாரியும் முன்னாலேயே கூட்ஸில் வரும். மூன்றாம் தேதி மாலை வண்டியில் நான் வருவேன். ஸ்டேஷனுக்கு வருகிறாயா?

உன் ரபேல்


கிள்ளான்,
26 அக்டோபர் 1931

அத்தான்,

வீடு இருக்கிறது என்று தாராளமாக எழுதிக் கொடுங்கள்.

ஸ்டேஷனுக்கு நான் வர மாட்டேன். போய் அழைத்து வருவதெல்லாம் வேற்று மனிதர்களுக்கு. காப்பார் ரோடு லோரி எதிலாவது ஏறி வந்து சேருங்கள். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டுங்கள். தண்ணீர் பானை அதே இடத்தில்தான் இருக்கிறது.

கோழி அடிக்க மாட்டேன். சோறும் கருவாட்டுக் குழம்பும்தான். நீங்கள் வருகிற அன்று எனக்குக் கை ஓடாது, மறுபடியும் உப்பை மறந்தாலும் மறந்துவிடுவேன். சத்தம் போட்டுக் கேளுங்கள்.

சாந்தமேரி